முக்கால் வயலின்

ஜூன் 3

அன்புள்ள நெட்டைக்கு,

ஐயோ எழுதுகிறேன். விடுதி அறையில் கதவுப் பக்கத்துக் கட்டில், எதற்கெடுத்தாலும் "ஐயோ" என்று ஆரம்பிக்கிறவள் என்று நீ பெயர் வைத்தாயே, அதே ஐயோதான். ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பழைய மாணவிகள் பட்டியலில் உன் கிளினிக் விலாசம் இருந்தது. போன் நம்பரும் இருந்தது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன், கடைசி எண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கை நின்றுவிட்டது. அதனால் கடிதம்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அவருக்குப் பாலம் கட்டும் வேலை. பாலங்கள் எல்லாம் வீட்டிலிருந்து தூரமாகத்தான் கட்டப்படுகின்றன. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார், முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் துணி மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரொம்ப நல்ல மனிதர். பெண் குழந்தை ஒன்று, இரண்டு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். நான் படித்த புள்ளியியல் இப்போது பால் பவுடர் எத்தனை கரண்டி என்பதற்குப் பயன்படுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. ஒரு வயலின் வாங்கியிருக்கிறேன். பழைய சாமான் கடையில். இங்கே சொல்லித்தருகிறவர்கள் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மட்டும்தான் சேர்க்கிறார்கள், பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்று இருக்கிறது, அது சாயங்காலம். குட்டியை யாரிடம் விடுவது? வீடியோ பார்த்தேன். அதில் வருகிறவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். எனக்குத் திட்டுகிற ஆள் வேண்டும். விடுதியில் வயலின் வாசித்தவள் நீதான், நீ திட்டினால் எனக்குப் புரியும்.

கடிதத்திலேயே சொல்லித்தர முடியுமா? முடியாது என்றால் அதையாவது எழுது.

உன்,
ஐயோ


ஜூன் 10

அடி ஐயோ,

கிளினிக்கில கவரைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிஞ்சிடுச்சு. இன்னமும் அதே கோழி கிளறின எழுத்து. ஒன்பது வருஷம் நீ எங்கே போயிருந்தேன்னு கேட்க மாட்டேன், நானும்தானே எழுதல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் வயலினைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. பீரோ மேல போர்வை சுத்தி வெச்சிருக்கேன். இப்போ எனக்கு ஒரு காது டாக்டர்கிட்ட வேலை. நாள் முழுக்க சத்தம் புகாத அறையில, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்ட ஆள். நான் "பீப்"னு ஒண்ணு அனுப்பணும், கேட்டா அவங்க பட்டன் அழுத்தணும். கேட்காமலே அழுத்தறவங்கதான் அதிகம். பாவம், தப்பாயிடுமோன்னு பயம். அவங்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும், நிஜமா.

கல்யாணம் பண்ணிக்கல. வேண்டாம்னு இல்ல, நடக்கல. அதைப் பத்தி இவ்வளவு போதும்.

சொல்லித்தரேன். ஆனா போன் கிடையாது. போன்ல ரெண்டு நிமிஷத்துல "அப்புறம்?"னு வந்து நின்னுடும். கடிதம்தான். தினம் என்ன வாசிச்சே, எது பிசகுச்சு, எல்லாம் ஒரு தாள்ல எழுதி வாரம் ஒரு தடவை அனுப்பு.

இதோட ஒரு காகிதப் பட்டை இருக்கு பார். உனக்காகப் போர்வையைப் பிரிச்சு, என் வயலின்ல விரல் விழற இடத்தையெல்லாம் அளந்து கோடு போட்டிருக்கேன். அப்படியே தந்திக்கு அடியில ஒட்டிக்கோ. கோட்டு மேல விரல். அவ்வளவுதான். முதல் மாசம் அழகா வாசிக்கணும்னு நினைக்கவே நினைக்காதே.

உன்,
நெட்டை


ஜூலை 1

அன்புள்ள நெட்டைக்கு,

மூன்று வாரத் தாள்களையும் சேர்த்து அனுப்புகிறேன். நடுவில் குட்டிக்குச் சளி. நான் உடனே கூகிளில் தேடி, அவளுக்கு ஆறு வியாதிகள் இருப்பதாக முடிவு செய்துவிட்டேன். டாக்டர் சளி என்றார்.

பட்டையை ஒட்டிவிட்டேன். விரல் வைக்காத தந்தி நாலும் நன்றாக வருகிறது. விரல் வைத்தால்தான் தகராறு. மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்படியில் நின்றுகொண்டு வாசிக்கிறேன். நான் வில்லை இழுத்ததும் குட்டி "அம்மா, கதவு" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்துகிறாள். கதவு கிறீச்சிடுவதாக நினைக்கிறாள். ஒரு மதியத்தில் பதினோரு தடவை சாத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன் கடிதம் வந்த அன்று அதைக் குட்டிக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். வேறு யாரிடம் காட்டுவது? போன வாரம் ஒரு நாள் பெரியவர்களிடம் எத்தனை வார்த்தை பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், "இங்கே வையுங்க." மருந்துக் கடையில், "சொட்டு மருந்து." அவரிடம் போனில், "சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான்.

நாலாவது விரல் மட்டும் எவ்வளவு கவனமாக வைத்தாலும் யாரோ காலை மிதித்த மாதிரி கத்துகிறது. எனக்குக் காதே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. காது டாக்டரிடம் இருக்கிறவள் நீ, சொல்லு.

உன்,
ஐயோ


ஜூலை 8

அடி ஐயோ,

காது இல்லைன்னா அது கத்தறது உனக்கு எப்படித் தெரியும்? லூசு.

உன் தாள்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல திரும்பத் திரும்பப் படிச்சேன். போன்ல சுருதி காட்டற ஆப் என்ன சொல்லுச்சுன்னு எழுதியிருக்கே பார், அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் விரல் கொஞ்சம் மேலே. ரெண்டாவது இன்னும் கொஞ்சம். நாலாவது ஊரை விட்டே போயிடுது. கை நடுங்கறவ தப்பு பண்ணினா இங்கே ஒண்ணு அங்கே ஒண்ணுன்னு இருக்கும். நீ ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்கே. புள்ளியியல் படிச்சவ, உனக்கே உறைக்க வேண்டாமா?

துணி தைக்கிற டேப்பை எடு. வயலினோட உடம்பை மட்டும் அள, கழுத்தை விட்டுடு. எத்தனை சென்டிமீட்டர்னு எழுது. அதுவரைக்கும் வாசிக்காதே.

இங்கே பக்கத்து வீட்டம்மா, என்ன தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கறீங்கன்னு கேட்டாங்க. கரண்ட் பில்னு சொன்னேன்.

உன்,
நெட்டை


ஜூலை 15

அன்புள்ள நெட்டைக்கு,

முப்பத்து மூன்றரை. மூன்று தடவை அளந்தேன்.

அளந்து முடித்து இணையத்தில் பார்த்தபோதே புரிந்துவிட்டது. பெரியவர்கள் வயலின் முப்பத்தைந்தரை இருக்க வேண்டுமாம். என்னுடையது முக்கால் சைஸ், பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது. கடைக்காரரிடம் நான் கேட்டேன். "பெரியவங்களுக்குத்தாம்மா" என்றுதான் சொன்னார். ஒரு மாசமாக உன் பெரிய வயலினின் அளவில் என் சின்ன வயலினை வாசித்திருக்கிறேன். அதுவும் ஒழுங்காக, கோட்டுக்கு ஒரு மயிரிழை பிசகாமல். அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். என்ன என்று தெரியாமலே குட்டியும் சிரித்தாள்.

இன்னொரு விஷயம். நேற்று கதவுக்கு அடியில் ஒரு சீட்டுக் கிடந்தது. "மேல் வீட்டில் இருப்பவருக்கு. மதியம் வரும் அந்தச் சத்தத்தைத் தயவுசெய்து நிறுத்தவும். பகலில் தூங்க வேண்டியவர்களும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள்." பெயர் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு, குட்டி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன்,
ஐயோ


ஜூலை 21

அடி முக்கால்,

கிளினிக்கில உட்கார்ந்து சிரிச்ச சிரிப்புல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் பட்டனை அழுத்திட்டார். தப்பு உன்னுதில்ல, என்னுது. அளவு கேட்காம பட்டை அனுப்பறவ எல்லாம் ஒரு வாத்தியார்.

அந்தச் சீட்டு விஷயம் படிச்சதும் சிரிப்பு போயிடுச்சு. பேர் போடாம எழுதறவங்களை எனக்குப் பிடிக்காது. மாடி ஏறி வந்து கதவைத் தட்டி, "ஏம்மா, தூங்க விடு"ன்னு சொல்ல என்ன? உனக்குத் தெரியாததா, என் வயலினைப் பத்தியும் வார்டனுக்கு ஒண்ணு போச்சே. "விடுதி மாணவிகள்"னு கையெழுத்து. டைப் அடிச்ச தாள். வார்டன் ஆறு வாரம் வயலினை ஸ்டோர் ரூம்ல பூட்டினாங்க. இசைக் கல்லூரித் தேர்வுக்கு முந்தின நாள்தான் திரும்பக் கொடுத்தாங்க. ரெண்டாவது பாட்டுல விரல் அப்படியே நின்னுடுச்சு. தேர்வு எடுத்தவங்க, "பரவாயில்லம்மா, போய்ட்டு வாங்க"ன்னாங்க. அந்த "வாங்க" இப்பவும் காதுல இருக்கு.

எழுதினது சோடாதான். பதினாலாம் நம்பர் அறை, கண்ணாடிக்காரி. அவளுக்குத்தான் டைப் தெரியும், அவளுக்குத்தான் அரியர். நான் கேட்கவே இல்ல. அன்னையிலருந்து அவகூடப் பேச்சை நிறுத்தினேன். கடைசி நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் எதிர்ல வந்து அழுதா, முகத்தைத் திருப்பிக்கிட்டேன். பத்திரிகை அனுப்பினா, கல்யாணத்துக்குப் போகல. இன்னிக்கும் அது தப்புன்னு தோணல.

அதை விடு. முடிவு ஒண்ணு எடுத்திருக்கேன், மறுத்துப் பேசாதே. பீரோ மேல இருக்கிற என் வயலினை உனக்கு அனுப்பறேன். எனக்கு அது போர்வை சுத்தின பொணம் மாதிரி இருக்கு. அறையில கட்டில்ல படுத்துக்கிட்டு முழுசாக் கேட்டவ நீ ஒருத்திதான். உன்கிட்டே இருக்கட்டும். சனிக்கிழமை பார்சல் போடறேன்.

உன்,
நெட்டை


ஜூலை 26

நெட்டை,

வயலினை அனுப்பாதே. இன்று சனிக்கிழமைதான், நீ பார்சல் போடுவது எப்படியாவது தள்ளிப்போய் இந்தக் கடிதம் முதலில் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். சீட்டு எழுதியது ஒரு நர்ஸ், இரவு டூட்டி. என்னைவிடச் சின்னப் பெண். சீட்டை நீட்டினேன். முகம் சிவந்துவிட்டது. "நேர்ல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. குழந்தையோட இருக்கீங்க, ஏதாவது நினைச்சுக்குவீங்களோன்னு..." என்றாள். எந்த நேரம் என்றால் தொந்தரவு இல்லை என்று கேட்டேன். அஞ்சு மணிக்குமேல் என்றாள். அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அந்தத் தாளை எழுதியது சோடா இல்லை. நான்.

சோடாவின் டைப்ரைட்டரைத்தான் இரவல் வாங்கினேன், புராஜெக்டுக்கு என்று சொல்லி. எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று ஒற்றை விரலால் தட்டி எழுதினேன். அது பொய். எனக்குப் படிக்க முடிந்தது. அந்த வருஷம் நீ வாசிக்க ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் போகும். நான் கட்டிலில் இருப்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய். உனக்கு ஒரு இடம் இருந்தது, அங்கே நீ போய்விடுவாய், எனக்கு அப்படி ஒரு இடமும் இல்லை. நீயும் நானும் முன்னைப் போல மொட்டைமாடியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள் என்று நினைத்தேன். பூட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. பூட்டிய பிறகு போய்ச் சொல்லியிருக்கலாம். ஆறு வாரம் இருந்தது. தினமும் நாளைக்கு என்று நினைத்தேன்.

அந்த ஆறு வாரமும் நீ என்னோடு பேசவில்லை. யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பிறகு சோடாவோடு நீ பேசாததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். தாளைவிட அதுதான் பெரிது என்று இப்போது தெரிகிறது.

ஏன் வயலின் கற்றுக்கொள்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் குழந்தைக்காக என்று ஏதாவது சொல்லியிருப்பேன். பகல் முழுக்க இந்த வீட்டில் சத்தமில்லாமல் இருக்கிறேன். இருந்து இருந்து, அந்த அறையில் நான் நிறுத்திய சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் போல் இருந்தது. உனக்கு எழுத ஒரு சாக்கும் வேண்டும் போல் இருந்தது.

மன்னிப்பு கேட்கிறேன். கேட்டால் ஆகிவிடாது என்று தெரியும்.

ஐயோ


ஜூலை 26, பெட்டிக்குள்

அடி முக்கால்,

தந்தி நாலும் புதுசு. நேத்து கடைக்குப் போய் நானே போட்டேன். சுருதி சேர்த்ததும் கை சும்மா இருக்கல, நாலு ஸ்வரம் இழுத்துப் பார்த்தேன். அவ்வளவு மோசமில்ல. தாடை வைக்கிற இடத்துல ஒரு கீறல் இருக்கும், அது நீ என் சீப்பைத் தேடித் தள்ளிவிட்டது, ஞாபகம் இருக்கா?

குட்டிக்கு என் பேரைச் சொல்லிக் கொடு. பெரியம்மான்னு சொல்லச் சொல். அவ கதவைச் சாத்தாத அன்னிக்கு எனக்கு உடனே எழுது.

உன்,
நெட்டை


ஆகஸ்ட் 5

நெட்டை,

பெட்டி வந்துவிட்டது. நம் இரண்டு தபாலும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உள்ளே இருந்த சீட்டைப் படித்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். ஒரு வேளை கிடைக்காமல் இருந்தால் என்று யோசித்து, அதையே இன்னொரு தடவை எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். இரண்டு தடவை படிக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

குட்டிக்கு நீ சொன்னதைச் சொல்லித்தரவில்லை. நீ சரி என்றால் சொல்லித்தருகிறேன்.

போன ஞாயிறு அவர் வந்திருந்தார். "என்ன, ஒரு மாதிரி இருக்கே?" என்றார். பழைய சிநேகிதி ஒருத்திக்கு ஒரு தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். "போன் பண்ணிப் பேசிடேன்" என்றார். பாலம் கட்டுகிறவருக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும்.

வயலினை என்ன செய்யட்டும் என்று மட்டும் எழுது. திட்டியாவது எழுது.

ஐயோ


ஆகஸ்ட் 24

அன்புள்ள தோழிக்கு,

உன் ரெண்டு கடிதமும் கிடைச்சது.

உனக்கு எழுதறதுக்கு முன்னாடி சோடாவுக்கு எழுத வேண்டியிருந்தது. அவ விலாசம் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம். என்ன எழுதறதுன்னு யோசிக்க இன்னொரு வாரம். முந்தா நாள் பதில் வந்தது. நான் ஏன் பேச்சை நிறுத்தினேன்னு அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியாது. வார்டன்கிட்ட புகார் போச்சுன்னு தெரியும், அதுக்கும் அவளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும்னு அவ நினைச்சுக்கூடப் பார்க்கல. அவ அரியர் வெச்சிருந்ததால, நாங்க எல்லாம் பெரிய மார்க்கு வாங்கறவங்க, அவளை மட்டமா நினைக்கிறோம்னு நினைச்சிருக்கா. அதனாலேயே மேல படிக்கப் போகல. ஒரே ஒரு வரியில எழுதியிருக்கா, கோபமில்லாம. அதுதான் தாங்கல.

நீ எழுதின காரணம் எனக்குப் புரியுது. புரியறதால கோபம் குறையும்னு நினைச்சேன், குறையல. ஆறு வாரத்தை உன் தலையில போடலாம். அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் பீரோ மேல வெச்சது நான். அதையும் உன் தலையில போடத்தான் ஆசை, முடியல.

வயலினைத் திருப்பி அனுப்பிடு. உன்னைத் தண்டிக்கக் கேட்கல. அன்னிக்குத் தந்தி போட்டப்போ நாலு ஸ்வரம் வாசிச்சேன் இல்ல, அதுலருந்து விரல் மேஜை மேல தானாப் போகுது. எனக்கு அது வேணும்.

தந்தியை அரைச் சுற்று தளர்த்து, முழுக்கத் தளர்த்தாதே, நடுவுல நிக்கிற குதிரை விழுந்துடும். குதிரைக்கு ரெண்டு பக்கமும் துணி வை. வில்லோட மயிரைத் தொய்வாக்கு. உன் சின்ன வயலினுக்குப் பட்டை வேண்டாம். ஆப்பை வெச்சுக்கிட்டு விரலை நகர்த்தி, காதால இடத்தைக் கண்டுபிடி. உனக்குக் காது இருக்கு.

எழுதாதேன்னு சொல்லல. பதிலை எதிர்பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அறைத் தோழி


ஆகஸ்ட் 30

அன்புள்ள நெட்டைக்கு,

நீ சொன்னபடியே கட்டியிருக்கிறேன். தந்தி அரைச் சுற்று. குதிரைக்கு இரண்டு பக்கமும் குட்டியின் பழைய சட்டை, துவைத்தது. பெட்டியைச் சுற்றி இரண்டு போர்வை, அதன்மேல் அட்டை. பார்சல் ஆபீஸில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். வயலின் என்றேன். "நீங்க வாசிப்பீங்களா?" என்றார். இது என்னுடையது இல்லை என்று சொன்னேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை, இனி எதையும். நேற்று கட்டுவதற்கு முன்னால், அஞ்சு மணிக்குமேல், ஒரே ஒரு தடவை வாசித்தேன். விரல் வைக்கவில்லை. வெறும் தந்தி, நாலும். அடுப்படி முழுக்க நிரம்பிவிட்டது. குட்டி வந்து நின்றாள், கதவுப் பக்கம் போகவில்லை. அதை உனக்கு உடனே எழுதச் சொல்லியிருந்தாய். இப்போதும் அது செல்லுமா என்று தெரியவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

சோடாவுக்கு நானும் எழுதியிருக்கிறேன். அவளும் பதில் போட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

சின்ன வயலினில் முதல் விரலுக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்றும் இன்னும் அலைகின்றன. கீழ் வீட்டு நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பும்போது படியில் பார்த்தால், "இன்னிக்குப் பரவாயில்லக்கா" என்கிறாள். பெரியவர்களோடு பேசும் கணக்கில் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை அதிகமாகியிருக்கிறது.

பதில் எதிர்பார்க்கவில்லை என்று எழுத உட்கார்ந்தேன், அது பொய்யாகிவிடும். எதிர்பார்ப்பேன். தபால்காரர் வரும் நேரம் எனக்கு மனப்பாடம். கடிதம் வேண்டாம் நெட்டை. நீ திரும்பவும் உட்கார்ந்து முழுசாக வாசித்த முதல் நாள், அந்தத் தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. கீழே பெயர்கூட வேண்டாம். கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஐயோ